"நான் என்ன கையாலயா நடக்கிறேன்?" – முடக்குவாதம், உடல் எடை, கொழுப்பு ஹார்மோன் பற்றி ஒரு சந்தேகம்

தேனிக்காரி (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 54 வயது. ருமட்டாய்ட் ஆர்த்ரைடிஸ், அதாவது முடக்குவாதம், வந்து சில வருடங்கள் ஆகிவிட்டன, ரத்தத்தில் இந்த நோயைக் காட்டும் எதிர்ப்பொருட்களான ஆர்.எஃப்., ஆன்டி சிசிபி இரண்டுமே பாசிட்டிவ். ஞாயிறு இரவு மெத்தோட்ரெக்சேட் 15 மி.கி., மறுநாள் போலிக் ஆசிட், தினமும் ஹைட்ராக்சிகுளோரோகுயின், வலி தாங்க முடியாத நாளில் ஒரு வலி மாத்திரை. எடை 74 கிலோ, உயரம் 158 செ.மீ., அதாவது பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) கிட்டத்தட்ட 30.

போன முறை போனபோது டாக்டர், "மாத்திரை போதுமான அளவுக்குக் கேட்கவில்லை, ஊசி மருந்து பற்றி அடுத்த தடவை பேசுவோம், அதற்குள் எடையைக் குறைக்கப் பாருங்கள்" என்றார். வெளியே வந்து செருப்பு மாட்டும்போதே அம்மா ஆரம்பித்துவிட்டார். "முட்டி வலின்னா எடையைக் குறைன்னு சொல்றது நியாயம். எனக்கு வீக்கம் விரல்லயும் மணிக்கட்டுலயும். நான் என்ன கையாலயா நடக்கிறேன்?"

பதில் தெரியாமல் தேடிப் படிக்க ஆரம்பித்தேன், குழப்பம் இன்னும் அதிகமாகிவிட்டது. கொழுப்பிலிருந்து ஹார்மோன்கள் வருகின்றன, அவை மூட்டு வீக்கத்தைத் தூண்டும் என்பது வரை புரிகிறது. ஆனால் அடிபோனெக்டின் என்று ஒன்று இருக்கிறதாம், அது எடை கூடினால் குறையுமாம், எடை குறைந்தால் கூடுமாம். சர்க்கரைக்கும் இதயத்துக்கும் அது நல்லது என்கிறார்கள். அதே அடிபோனெக்டின் ரத்தத்தில் அதிகமாக உள்ள முடக்குவாத நோயாளிகளுக்கு எலும்பு அரிப்பு அதிகம் என்றும் எழுதியிருக்கிறது. போதாததற்கு, குண்டாக இருக்கும் நோயாளிகளின் எக்ஸ்ரேயில் சேதம் குறைவாக இருக்கிறதாம். அப்படியென்றால் அம்மா எடையைக் குறைத்தால் விரல் எலும்புக்குக் கெடுதலா? இது தெரிந்தவர்கள் யாராவது கொஞ்சம் விளக்க முடியுமா. அம்மாவிடம் இந்தப் பகுதியை நான் இன்னும் சொல்லவில்லை, சொன்னால் அன்றைக்கே மூன்று தோசையை ஐந்தாக்கிவிடுவார்.

---

ஆய்வகவாசி:

அம்மாவின் கேள்வி சாதாரணக் கேள்வி இல்லை. விரல் மூட்டுத் தேய்மானம், அதாவது முடக்குவாதம் அல்லாத சாதாரண ஆஸ்டியோ ஆர்த்ரைடிஸ் கூட, உடல் பருமன் உள்ளவர்களுக்கு அதிகம் வருகிறது. சுமையே தாங்காத மூட்டுக்கு உடல் எடையால் என்ன வந்தது? சுமை மட்டுமே காரணம் என்றால் இதை விளக்க முடியாது, ரத்தம் வழியாக ஏதோ போய்ச் சேர்கிறது என்ற சந்தேகம் வலுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். (முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை, நோய் எதிர்ப்பியல் ஆய்வகத்தில் செல்களோடும் எலிகளோடும் மாரடிப்பவன். மருந்து அளவு பற்றி மற்றவர்கள் சொல்லட்டும்.)

கொழுப்பு என்றால் சும்மா சேமித்து வைத்த எண்ணெய் என்றுதான் ரொம்ப காலம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1993ல் ஹோட்டமிஸ்லிகில், ஸ்பீகல்மன் ஆகியோர் பருத்த எலிகளின் கொழுப்புத் திசுவே டி.என்.எஃப். என்ற அழற்சிப் பொருளைத் தயாரிக்கிறது என்று காட்டினார்கள். மறுவருடம் நியூயார்க்கில் ராக்கெஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு, கொழுப்பு சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தது. அந்த டி.என்.எஃப். யார் என்று நினைக்கிறீர்கள்? அம்மாவின் டாக்டர் "ஊசி மருந்து" என்றாரே, அந்த ஊசிகளில் பல தடுப்பது அதைத்தான். லண்டனில் ரவீந்தர் மைனியும் மார்க் ஃபெல்ட்மனும் 1992ல் முடக்குவாத நோயாளிகளுக்கு முதன்முதலாக டி.என்.எஃப். தடுப்பு மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள், அதிலிருந்து பிறந்தவைதான் இன்றைய இன்ஃப்ளிக்சிமாப், அடலிமுமாப் எல்லாம். மூட்டைக் கெடுக்கும் அதே பொருளை வயிற்றுக் கொழுப்பும் சுரக்கிறது. ஐ.எல்.-6 என்ற இன்னொரு அழற்சிப் பொருளின் கதையும் இதேதான், ரத்தத்தில் சுற்றும் ஐ.எல்.-6ல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொழுப்புத் திசுவிலிருந்து வருகிறது என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். எடை கூடும்போது மேக்ரோஃபேஜ் என்னும் அழற்சிச் செல்கள் கொழுப்புக்குள் கூட்டமாகக் குடியேறுவதும் 2003ல் தெரிய வந்தது. ஆக, அம்மா கையால் நடக்கவில்லை, ஆனால் வயிற்றுக்கும் விரலுக்கும் ஓடுவது ஒரே ரத்தம்.

இனி ஹார்மோன்கள். லெப்டின் எளிது: கொழுப்பு எவ்வளவோ அவ்வளவு லெப்டின், ஒரே எடையில் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். பசியை அடக்குவதுதான் அதன் பெயர்போன வேலை, ஆனால் நோய் எதிர்ப்பு வேலை செய்யும் டி செல்களிலும் அதற்கு ஏற்பி இருக்கிறது. அங்கே போய் அழற்சி வகை டி செல்களைத் தூண்டுகிறது, சண்டையை நிறுத்தச் சொல்லும் ஒழுங்குபடுத்தும் டி செல்களை அமுக்குகிறது. லெப்டினே இல்லாத எலிகளுக்குச் செயற்கையாக மூட்டுவாதம் உண்டாக்கிப் பார்த்தபோது வீக்கம் குறைவாகவே வந்தது. உடனே லெப்டின்தான் வில்லன் என்று முடிவு கட்ட வேண்டாம், வேறு முறையில் அழற்சியை உண்டாக்கியபோது அதே எலிகளுக்கு வீக்கம் வடிய அதிக நாள் பிடித்தது. எலி ஆராய்ச்சியில் இந்த மாதிரி வயிற்றெரிச்சல் எங்களுக்குப் பழக்கம்.

ரெசிஸ்டின் இன்னொரு வேடிக்கை. எலியில் அது கொழுப்புச் செல்லிலிருந்து வருகிறது, மனிதரில் பெரும்பாலும் மேக்ரோஃபேஜிலிருந்து. எலியின் மூட்டுக்குள் ஊசியால் செலுத்தினால் மூட்டு வீங்குகிறது. இப்போதைக்கு இதை விட்டுவிடுவோம், உங்களைக் குழப்பியது அடிபோனெக்டின்தான்.

நீங்கள் படித்தது சரி. அடிபோனெக்டின் ரத்தத்தில் லெப்டினைவிட ஆயிரம் மடங்கு அளவில் ஓடுகிறது, ஒன்று மைக்ரோகிராம் கணக்கு, மற்றது நானோகிராம் கணக்கு. கொழுப்பிலிருந்து வந்தும் கொழுப்பு கூடினால் குறைகிற விசித்திரம் அது. ரத்தக்குழாய்க்கும் கல்லீரலுக்கும் இன்சுலினுக்கும் அது நண்பன். மூட்டுச் சவ்வில் உள்ள ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் மேல் ஊற்றினால் அதே அடிபோனெக்டின் ஐ.எல்.-6ஐயும் ஐ.எல்.-8ஐயும் குருத்தெலும்பை அரிக்கும் நொதிகளையும் வெளிவிட வைக்கிறது. முடக்குவாத மூட்டு நீரில் அதன் அளவு தேய்மான வாதக்காரர்களின் மூட்டு நீரில் உள்ளதைவிட அதிகம். நெதர்லாந்தின் லெய்டனில் தொடக்க நிலை நோயாளிகளைப் பல வருடம் எக்ஸ்ரேயோடு பின்தொடர்ந்தபோது, பார்த்த கொழுப்பு ஹார்மோன்களில் ஆன்டி சிசிபியைக் கணக்கில் எடுத்த பிறகும் எலும்புச் சேதத்தோடு ஒட்டி நின்றது அடிபோனெக்டின் மட்டுமே. குண்டானவர்களுக்கு எக்ஸ்ரே சேதம் குறைவு என்பதும் ஜெர்மனி, நெதர்லாந்து ஆய்வுகள் இரண்டிலும் வந்தது, அதுவும் அம்மாவைப் போல ரத்தத்தில் அந்த எதிர்ப்பொருள் உள்ளவர்களிடம்தான் தெளிவாக.

சரி, அப்படியானால் குண்டாகவே இருந்துவிடலாமா? வேண்டாம். முதலில், ஒட்டி நிற்பது வேறு, காரணமாக இருப்பது வேறு. மூட்டில் தீ எரிவதால் உடல் அடிபோனெக்டினை ஏற்றுகிறதா, அது ஏறியதால் எரிகிறதா என்பது இந்த ஆய்வுகளிலிருந்து தெரியாது. பருமன் உள்ளவர்களுக்கு எலும்பு அடர்த்தி பொதுவாகவே கூடுதல், கொழுப்பில் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜனும் உருவாகிறது, எக்ஸ்ரே வித்தியாசத்துக்கு இதுவும் காரணமாக இருக்கலாம். தீவிரமான நோய் இருப்பவர் நோயாலேயே மெலிந்துபோயிருப்பார், அவரை "ஒல்லியானவர்" பட்டியலில் போட்டு ஒப்பிட்டால் ஒல்லியாக இருப்பதே ஆபத்து என்று தோன்றும். இரண்டாவது விஷயம்தான் முக்கியம்: எக்ஸ்ரே நன்றாக இருக்கும் அதே பருமனான நோயாளிகளுக்கு வலி அதிகம், அன்றாட வேலையில் சிரமம் அதிகம், நோய் அடங்குகிற வாய்ப்பு குறைவு. எக்ஸ்ரே படத்தை வைத்துக்கொண்டு யாரும் வாழ்வதில்லை. மூன்றாவது, எடை குறைத்தவர்களை நேரடியாகப் பார்த்தார்கள். பாஸ்டனில் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்ட 53 முடக்குவாத நோயாளிகளைப் பற்றி 2015ல் வெளியான ஆய்வில், ஒரு வருடம் கழித்து நோயின் வீரியமும் ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி.யும் குறைந்திருந்தன. சின்ன ஆய்வு, ஒப்பிடத் தனிக்குழு இல்லை, எல்லாம் உண்மை. ஆனால் அடிபோனெக்டின் ஏறி மூட்டு கெட்டது என்ற செய்தி அங்கே இல்லை.

---

கோவை_பானு:

தேனிக்காரி, நானும் இதே நோய்க்காரிதான், ஆனால் உங்கள் அம்மாவுக்கு நேர் எதிர். பி.எம்.ஐ. 22, எல்லோரும் "உனக்கென்ன, ஒல்லிதானே" என்பார்கள். எடை மெஷினில் எண் வருடக்கணக்காக நகரவே இல்லை, ஆனால் தொடையும் மேல்கையும் சூம்பிப்போய் வயிறு மட்டும் முன்னால் வந்துவிட்டது. சுடிதார் டாப் இடுப்பில் இறுக்கும், பேன்ட் தொடையில் தொளதொளக்கும். தரையில் உட்கார்ந்தால் சுவரைப் பிடித்துத்தான் எழுந்திருப்பேன், மிக்ஸி ஜார் மூடியைத் திருக முடியாமல் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடுவேன். பிசியோதெரபிஸ்ட்தான் சொன்னார், அழற்சி தசையைத் தின்கிறது, அந்த இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்கிறது, மெஷினுக்கு இரண்டும் ஒன்றுதான் என்று.

அதனால் அம்மா எடை குறைக்கிறேன் என்று இட்லியைப் பாதியாக்கி ரசம் சாதத்தோடு நிறுத்திக்கொள்ள விடாதீர்கள். எங்கள் ஊர்ச் சாப்பாட்டில் குறைக்க வேண்டியது சாதமும் டிபனும், பயறும் முட்டையும் மோரும் அல்ல. நான் செய்தது காலையில் ஊறவைத்த பயறு, மாலையில் சுண்டல், அசைவ நாட்களில் மீன், கூடவே ரப்பர் பட்டை வைத்துக் கைகால் பயிற்சி. பட்டையை விரலால் பிடிக்காமல் முன்கையில் சுற்றிக்கொண்டால் மணிக்கட்டு வலிக்காது, இது யாரும் சொல்லித்தரமாட்டார்கள். எடை கொஞ்சம் கூடத்தான் செய்தது. மிக்ஸி ஜார் இப்போது நானே திறக்கிறேன்.

---

ஃபிட்_குமரன்:

எதுக்கு இவ்வளவு பெரிய விளக்கம். லெப்டின் டெஸ்ட் எடுத்துப் பாருங்கள், அதிகமாகத்தான் இருக்கும். எங்கள் ஜிம் ட்ரெய்னர் லெப்டினைச் சரிசெய்யும் பவுடர் தருகிறார், மூட்டு வலிக்கும் கேட்கும், வேண்டும் என்றால் தனியாக மெசேஜ் போடுங்கள்.

---

ஆய்வகவாசி:

குமரன், 74 கிலோ உள்ள பெண்ணுக்கு லெப்டின் அதிகமாகத்தான் இருக்கும், அதைச் சொல்ல டெஸ்ட் எதற்கு? எடை மெஷினே சொல்கிறது. முடக்குவாதத்துக்கு மருந்து முடிவு செய்ய லெப்டின், அடிபோனெக்டின் பரிசோதனையை எந்த வழிகாட்டுதலும் கேட்பதில்லை. லெப்டினைக் கண்டுபிடித்தவுடனே அதை ஊசியாகப் போட்டால் எல்லோரும் இளைத்துவிடுவார்கள் என்றுதான் மருந்துக் கம்பெனிகள் பணத்தைக் கொட்டின. 1999ல் முடிவுகள் வந்தபோது சாதாரணப் பருமன் உள்ளவர்களுக்குப் பெரிய பலன் இல்லை, ஏற்கெனவே நிறைய லெப்டின் இருந்தும் மூளை அதைக் கண்டுகொள்வதில்லை என்பதே பிரச்சினை. பிறவியிலேயே லெப்டின் இல்லாத ஒருசில குழந்தைகளுக்கு மட்டும் அது பெரிய பலன் தந்தது. உண்மையான லெப்டினே செய்யாததைப் பவுடர் செய்யுமா? இதில் இன்னொரு ஆபத்து, மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பவுடரைக் குடித்தால் கல்லீரல்தான் அடி வாங்கும்.

---

ஸ்டெதாஸ்கோப்_தாத்தா:

ஓய்வு பெற்ற பொது மருத்துவர், ருமட்டாலஜிஸ்ட் (மூட்டுவாத நிபுணர்) அல்ல. ஆய்வகத் தம்பி நன்றாகச் சொல்லிவிட்டார், கிளினிக்கில் பயன்படும் சில விஷயங்களை மட்டும் சேர்க்கிறேன்.

சி.ஆர்.பி.யும் அதே போல அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆரும் முடக்குவாதமே இல்லாத பருமனான பெண்களுக்கும் சற்றுக் கூடுதலாக இருக்கும். கொழுப்பு ஐ.எல்.-6 அனுப்பும், கல்லீரல் அதைப் பார்த்து சி.ஆர்.பி. தயாரிக்கும், அந்த எண்ணை மட்டும் பார்த்து "நோய் அடங்கவில்லை" என்று மருந்தை ஏற்றுகிறவர்களும் உண்டு. மூட்டை விரலால் அமுக்கிப் பார்த்து எத்தனை மூட்டு உண்மையிலேயே வீங்கியிருக்கிறது என்று எண்ணுகிற டாக்டர் கிடைத்திருந்தால் விட்டுவிடாதீர்கள், குழப்பம் இருந்தால் மூட்டு அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொல்லலாம்.

ஊசிக்கு முன்னால் எடை என்று அம்மாவின் டாக்டர் சொன்னதிலும் காரணம் இருக்கிறது. டி.என்.எஃப். தடுப்பு ஊசிகள் பருமனானவர்களுக்குக் குறைவாகவே வேலை செய்கின்றன. அடலிமுமாப் 50 கிலோக்காரருக்கும் 90 கிலோக்காரருக்கும் அதே 40 மி.கி. தான், அதனால் மருந்து போதவில்லை என்று நினைக்கலாம், ஆனால் கிலோ கணக்கில் போடும் இன்ஃப்ளிக்சிமாபிலும் பலன் குறைவாகவே வந்திருக்கிறது. அபடாசெப்ட், டோசிலிசுமாப் போன்ற வேறு வழி மருந்துகளில் எடையின் பாதிப்பு அவ்வளவாகத் தெரிவதில்லை. எனவே "எங்கள் எடையை வைத்து எந்த ஊசி" என்று கேட்பது நியாயமான கேள்வி, கூச்சப்படாமல் கேளுங்கள்.

ஸ்டீராய்டு மாத்திரை இடையில் கொடுத்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. வலி பறந்துவிடும், பசி கிளம்பிவிடும், ஏறும் எடை வயிற்றில்தான் போய் உட்காரும். வலி மாத்திரை என்று நீங்கள் எழுதியது பிரெட்னிசலோனாக இருந்தால் முதலில் அதைப் பற்றிப் பேசுங்கள், தாமாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

பி.எம்.ஐ. 30 ஆனால்தான் பருமன் என்ற வெள்ளைக்காரர் கணக்கை நமக்குப் போடாதீர்கள். இந்தியர்களுக்கு 23க்கு மேல் கூடுதல் எடை, 25க்கு மேல் பருமன், பெண்ணுக்கு இடுப்பு 80 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யட்கினும் 2004ல் லான்செட் இதழில் தங்கள் படத்தையே போட்டார்கள், இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3, ஆனால் உடல் கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. பானு எழுதியதைப் படித்தபோது அந்தப் படம்தான் ஞாபகம் வந்தது.

எடை குறைப்பு ஊசி பற்றி அடுத்த கேள்வி வரும் என்று தெரியும். செமாக்ளுடைட், டிர்செபடைட் இரண்டும் 2025ல் நம் நாட்டுக்கும் வந்துவிட்டன. பருமனோடு முழங்கால் தேய்மான வாதம் உள்ளவர்களுக்கு செமாக்ளுடைட் கொடுத்த பெரிய ஆய்வு 2024ல் வந்தது, 68 வாரத்தில் எடை சராசரியாக 13.7 சதவீதம் குறைந்தது, வலி மதிப்பெண் 41.7 புள்ளி இறங்கியது, வெற்று ஊசி போட்டவர்களுக்கு 27.5. நல்ல முடிவுதான். ஆனால் அது தேய்மானம், அம்மாவுக்கு இருப்பது முடக்குவாதம், இரண்டையும் ஒன்றாக்கி விற்கிறார்கள். தவிர, வேகமாக இறங்கும் எடையில் தசையும் சேர்ந்து போகும்.

இன்னொன்று. முயற்சி எதுவும் இல்லாமல் எடை தானாக இறங்கினால் சந்தோஷப்படாமல் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். இந்த நோயில் அது நல்ல அறிகுறி அல்ல.

---

தேனிக்காரி:

எல்லோருக்கும் நன்றி. வலி மாத்திரையின் அட்டையைப் பார்த்தேன், டைக்ளோஃபெனாக், ஸ்டீராய்டு இல்லை. நாளை டேப் வாங்கி இடுப்பை அளக்கிறேன். "ஒரே ரத்தம்" என்ற பதிலை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், "அப்ப சரி" என்றார், அவரிடமிருந்து இது பெரிய விஷயம்.

ஆனால் உடனே அடுத்த கேள்வி. கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் பாலும் பழமும்தான் அவருக்கு. அந்த நாட்களில் விரல் லேசாகிவிடுகிறது, காலையில் மடக்க முடிகிறது, சூரசம்ஹாரம் முடிந்து சாப்பிட ஆரம்பித்தால் இரண்டொரு நாளில் பழையபடி ஆகிவிடுகிறது என்று ஒவ்வொரு வருடமும் சொல்வார். முருகன் கொடுப்பது என்பார். நான் மனப்பிரமை என்று நினைத்தேன். ஆறு நாளில் கொழுப்பு எவ்வளவு குறைந்துவிடப் போகிறது?

---

ஆய்வகவாசி:

மனப்பிரமை என்று தள்ள வேண்டாம். நார்வேயில் 1991ல் இதைச் சோதித்தே பார்த்தார்கள். முடக்குவாத நோயாளிகளில் ஒரு குழுவுக்கு 7 முதல் 10 நாள் வரை மூலிகைத் தேநீர், காய்கறிச் சாறு மாதிரி கிட்டத்தட்ட உபவாசம், பிறகு ஒரு வருடம் சைவ உணவு. மற்றக் குழு வழக்கமான சாப்பாடு. உபவாசக் குழுவில் வீங்கிய மூட்டுகளின் எண்ணிக்கையும் காலை இறுக்கமும் வலியும் குறைந்தன, சைவத்தில் தொடர்ந்தவர்களுக்கு வருட முடிவிலும் பலன் தெரிந்தது.

ஆறு நாளில் கொழுப்பு அதிகம் குறையாது, நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் லெப்டின் அதற்காகக் காத்திருப்பதில்லை. சாப்பாடு நின்ற ஓரிரு நாளிலேயே, கொழுப்பு அப்படியே இருக்கும்போதே, லெப்டின் மளமளவென்று சரிந்துவிடும், உடம்பு பஞ்சம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறது. பஞ்சத்தில் நோய் எதிர்ப்புக்குச் செலவு செய்ய உடம்புக்கு மனம் வராது. ஒரு வாரம் உபவாசம் இருந்த முடக்குவாத நோயாளிகளின் ரத்தத்தில் லெப்டின் சரிந்ததையும் டி செல்களின் துடிப்பு தணிந்ததையும் 1999ல் எழுதியிருக்கிறார்கள். சாப்பிட்டதும் லெப்டின் திரும்பி வருகிறது, வலியும் வருகிறது. இது மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன், உபவாசத்தில் அழற்சியைத் தணிக்கும் கார்ட்டிசோல் ஹார்மோனும் ஏறும், குடல் நுண்ணுயிர்களும் மாறும். அம்மா கவனித்தது மட்டும் சரி. ஆனால் வருடம் முழுக்கப் பட்டினி கிடந்தால் பானு சொன்ன கதைதான், தசை போய்விடும்.

---

ஸ்டெதாஸ்கோப்_தாத்தா:

முருகனிடம் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்த ஆறு நாளில் டைக்ளோஃபெனாக் வேண்டாம், வெறும் வயிற்றில் அது புண்ணாக்கும். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள், உடம்பு வறண்டால் மெத்தோட்ரெக்சேட் சிறுநீரகம் வழியாக வெளியேறுவது மந்தமாகி ரத்தத்திலேயே தங்கும். ஆறு நாளில் பெரும்பாலும் ஒரு ஞாயிறு வந்துவிடும். அந்த வார மாத்திரையை வழக்கப்படி போடுவதா, விரதம் முடிந்த பிறகு போடுவதா என்பதை சஷ்டி தொடங்குவதற்கு முன்பே அவரது டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.